நாலாம் நம்பருக்குக் கழுத்து இறக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்பு, மனசு இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. எனக்கு நோய் என்று ஒன்றும் இல்லை, ஆனால் சில நாளாகத் தையல் கடையைத் திறக்கவே இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் ஐயோ அம்மா விடும்மா என்பாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

கடிகாரக்காரன் வீடு உனக்குத் தெரியும். அந்தத் தெரு வழியாகப் போகாதே என்று சின்ன வயதில் உன்னை அடித்தே இருக்கிறேன். கீழே கடிகாரம் பழுது பார்க்கும் கடை, மேலே வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகை அறை. அறையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா என்று சொல்லிச் சொல்லியே ஆறு பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் அந்தப் பாவி. நாலாவதாகப் போனவள் என் தங்கை, உன் சித்தி. நீ அப்போது பிறக்கவில்லை. அவன் ஜெயிலில் செத்தான், வீடு பூட்டிக் கிடந்தது, நாங்களும் ஒரு வழியாக மூச்சு விட்டோம். இப்போது வெளியூர்க் கம்பெனி ஒன்று அந்த வீட்டை வாங்கி மியூசியம் ஆக்குகிறது. ஆமாம், டிக்கெட் போட்டு ஆள் விடப்போகிறார்கள். வாசலில் அவனுடைய மெழுகுப் பொம்மை, கோட்டு சூட்டு போட்டு, கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து, கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ. பக்கத்தில் ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார்ந்து அவனோடு போட்டோ எடுத்துக்கொள்ளவாம். மணி அடிக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து ஒரு பெண் அலறுகிற சத்தம் வரும். அதைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று இப்போதே அலறவிடுகிறார்கள், என் தையல் கடை வரைக்கும் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

ஊர் இரண்டாகி நிற்கிறது. பள்ளிக்கூட டீச்சர்கள் சேர்ந்து வேண்டாம் என்று மனு கொடுத்தார்கள். லாட்ஜ்காரர், ஆட்டோக்காரர்கள் எல்லாம் ஊர் உருப்படும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் முதல் ஆள் யார் தெரியுமா, உன் மாமாதான். அந்த வீட்டுக்கு எதிரே டீக்கடையில் இத்தனை வருஷம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது அந்தப் போட்டோ நாற்காலிக்கு வார்னிஷ் அடிக்கிறான். டேய், அவ உனக்கும் கூடப் பொறந்தவதானேடா என்றேன். அக்கா, அவ செத்து இத்தனை வருஷமாச்சு, இனிமே அவளுக்கு என்ன வலிக்கப் போகுது என்றான். குடித்த டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் ஒருத்தன் கடைக்கு வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஒரு கருவி. காட்சிக்கு உடுப்பு வேணும்மா, பழைய காலத்து மாடல், ஆறு லேடீஸ் என்றான். காட்சி என்றதும் நாடகக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன், போன வருஷம்கூட ஒரு நாடகத்துக்கு ராணி உடுப்பு தைத்தேனே, அந்த நினைப்பு. சந்தோஷமாகத் துணி வெட்டினேன். நம் கடையில் துணிக்கு நம்பர் போடுகிற வழக்கம் இல்லையே, பெயர்ச் சீட்டுதானே குத்துவேன். நடிக்கிற பிள்ளைகள் பேரச் சொல்லுப்பா என்றேன். பேரெல்லாம் இல்லம்மா, ஒண்ணு ரெண்டுன்னு போட்டுக்கோங்க, நாலாம் நம்பருக்கு மட்டும் கழுத்து நல்லா இறக்கமா வரணும் என்றான். ஏன் அதுக்கு மட்டும் என்றேன். கயித்துத் தழும்பு அதுலதான் சூப்பரா வந்திருக்கு, ஜனங்களுக்குத் தெரியணும்ல என்றான். சூப்பராம். எந்த வீட்டுக் காட்சி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் சித்தி டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவள். குரல்தான்க்கா எனக்குச் சோறு போடுது என்று சொல்லி, வெயில் காலத்திலும் தொண்டையை மூடிக்கொண்டு திரிவாள். கழுத்து இறங்கிய சட்டை ஒன்றுகூட அவள் போட்டதில்லை, அத்தனையும் நான்தான் தைத்தேன். அவளுக்குப் போய் என் கையாலேயே கழுத்தை இறக்கித் தைக்கச் சொல்கிறார்கள் பார். வெட்டிய துணியில் மூடின கழுத்தாக ஒன்று தைத்து, அவள் பெயரை எழுதிக் குத்தி, நானே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவளை அங்கே நிறுத்தக் கூடாது, மீறி நிறுத்தினால் இதைத்தான் போட வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். அந்தப் படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி. நாலாவது அறையில் அவளுடைய மெழுகுப் பொம்மை நின்றது. அது உன் முகம், அம்மாடி. உன் நெற்றி, உன் மூக்கு, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறுமே அந்த உதடு. கழுத்தைச் சுற்றி ஊதா நிறத்தில் தழும்பு. பெற்ற வயிறு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார். உடுப்பு தைக்கச் சொன்ன அந்தப் பையன் பின்னாலேயே வந்து விளக்கம் சொல்கிறான், அவங்க போட்டோ எங்கயும் கிடைக்கலம்மா, எதிர்க் கடைக்காரர்தான் அக்கா பொண்ணு அச்சு அசல் அதே ஜாடைன்னு சொல்லி ஒரு கல்யாண போட்டோ கொடுத்தாரு என்று. உன் தாய்மாமன், உன் கல்யாண போட்டோவைக் கொடுத்திருக்கிறான், தூ.

நான் சண்டை போடவில்லை. அந்தத் தலையைத் திருகினேன், பாட்டில் மூடி மாதிரி கழன்று வந்தது. கொண்டுபோன துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். அவன் கத்திக்கொண்டே தெரு முனை வரை வந்தான். போலீசுக்குப் போறேன் என்றான், போடா என்றேன். அப்பாவைத் தெரியுமே, முதலில் உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு என்றார், பையைத் திறந்து பார்த்ததும் அவரே போய் மண்ணெண்ணெய் எடுத்து வந்தார். இரண்டு பேருமாக அந்தத் தழும்பைத் தேய்த்துத் துடைத்தோம்.

மறுநாள் பெரிய மேனேஜர் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். போட்டோ எங்ககிட்ட இருக்கு, வேற தலை செஞ்சுக்குவோம், செத்தவங்களுக்கு எதையும் மறுக்கிற உரிமை கிடையாதும்மா, கூடப் பொறந்தவங்க சொல்றதும் செல்லாது, முகம் உங்க பொண்ணோடதுன்னா அவங்கதான் ஆட்சேபணை எழுதித் தரணும், உயிரோட இருக்கிறவங்க ஒருத்தர் மறுத்தா நாலாம் நம்பர் அறையையே மூடிடுவோம், வழக்கு கிழக்குன்னு எங்களுக்கு வேண்டாம் என்றார். தங்கைக்காக நான் இத்தனை வருஷம் அழுததெல்லாம் செல்லாதாம், காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டு வழியனுப்பினேன்.

அதனால் நீ உடனே எழுது. அந்த முகம் என்னுடையது, நான் உயிரோடு இருக்கிறேன், எனக்குச் சம்மதமில்லை என்று மூன்றே வரி போதும். மரியாதைக்காகக்கூட வணக்கம் போடாதே. உன் சித்தி பேச முடியாமல்தான் போனாள், அவளுக்கும் சேர்த்து நீ பேசிவிடு.

மாமா போன் பண்ணினால் எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம், நான் பேசுவதில்லை. குட்டிக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரிய வேண்டாம். மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். நீயும் பனியில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. நூறு வயசு வாழ வேண்டும் நீங்கள் மூன்று பேரும்.

அந்தத் தலையை உடைத்துப் போடச் சொல்கிறார் அப்பா. உன் முகத்தில் எப்படிக் கை வைப்பது? என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மூடியைச் சாத்தப் போனால் மூச்சு முட்டுமே என்று இருக்கிறது, அதனால் திறந்தே வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்துக்குக் காத்திருக்கும்
அம்மா