மூன்று நாற்பத்திரண்டுக்கு அணைந்த பெட்டி

சேசு மரி சூசை

நாகல் நகர், திண்டுக்கல்
20.6.2025

ஐரினுக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு உன் அப்பாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மரப்பெட்டியில் வைத்தபோது முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: தலைமாட்டில் நான். கால்மாட்டில் உன் அண்ணன் கிளெமென்ட். அவனை ஒட்டி அவன் பெண்டாட்டி சத்யபிரியா. ஜன்னலோரம் அவர்கள் மகள் ஷைனி. சுவரில் சாய்ந்துகொண்டு உன் சித்தப்பா, வடமதுரை அந்தோணிராஜ். ஜெபம் சொன்ன உபதேசியார். மூன்று கால் ஸ்டாண்டில் கேமரா வைத்து லைவ் போட்ட ஸ்டூடியோக்காரர் ராயப்பராஜ். ஆக ஏழு பேர். மற்ற சனமெல்லாம் வெளியே பந்தலில்.

இந்த ஏழு பேரில் ஒருவர்தான் உனக்குப் படத்தை நிறுத்தியது. பெட்டியை மூடும் முன் எல்லாரும் நெற்றியில் கடைசி முத்தி செய்கிற நேரத்தில் லைவ் நின்றுவிட்டது, திரும்ப வந்தபோது கோயில் வாசல் தெரிந்தது, அப்பா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று நீ ஷைனிக்கு அனுப்பியதை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். லைவ் போடச் சொன்னதே நான்தான். எட்டு மாத வயிற்றோடு உன்னால் விமானம் ஏற முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். அதை ஒரு கை வந்து அணைக்கிறதென்றால் விட முடியாது.

உனக்கு ஒன்று சொல்கிறேன். கல்லறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், இன்டர்நெட் பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. மேலே இருதய ஆண்டவர் படத்துச் சிவப்பு பல்பும் அணைந்து கிடந்தது. 1994-ல் மாட்டிய பல்பு. கரண்ட் போனாலொழிய அணைந்ததில்லை. ஆண்டவர் விளக்கையே அணைத்த கை என்றால், அது கடவுளுக்குப் பயப்படாத கை. எனக்கு அந்தோணிராஜ் மேல்தான் கண். சுவிட்சு போர்டுக்கு ஒரு முழம் தள்ளித்தான் சாய்ந்திருந்தான். உன் கலியாணத்தன்றைக்குக் காறித் துப்பியவன்.

பதினொரு வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் பேச மாட்டேன். சத்யபிரியா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதற்கு மேல் அந்தப் பெட்டிக்குள் எவனெவன் காது வைத்திருக்கிறானோ. காகிதத்தை ஒட்டினால் ஒட்டியதுதான். நீ கடைசியாக என்ன பார்த்தாய் என்று ஒன்று விடாமல் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா

---

தோஹா
6.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சதாம் உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். அழாமல் படிக்கச் சொன்னார். முடியவில்லை.

நான் பார்த்ததை எழுதுகிறேன். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினார்கள். அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. சித்தப்பா முதுகு மறைத்தது. தலைமாட்டு மெழுகுவர்த்தி அணையப் போகிற மாதிரி ஆடியது. நீங்கள் கேமராவுக்குக் குறுக்கே போனீர்கள், உங்கள் சேலை படம் முழுக்கத் தெரிந்தது. அதன் பிறகு ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டத்தைத்தான் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நெட் என்றால் நிற்கும் அம்மா. இங்கேயிருந்து கடலுக்கு அடியில் கம்பி போய், பம்பாய் போய், அங்கேயிருந்து நம் ஊர் வந்து, தெருக் கம்பம் ஏறி நம் சுவருக்கு வருகிறது. அத்தனை தூரத்தில் எங்கேயோ அறுந்திருக்கும். யாரையும் சந்தேகப்படாதீர்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். நான் பிளஸ் டூ முடித்தபோது ரிசல்ட் பார்க்க அப்பாதான் என்னை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஏசி என்று செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தார். திரையில் என் பெயர் வந்ததும் கடைக்காரரிடம், "எம் புள்ள பேரு இதுக்குள்ள எப்பிடிப் போச்சு தம்பி?" என்று கேட்டார். மார்க்கை ஒரு காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லி ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்த அப்பாவா என் முகத்தில் முழிக்காமலே போனது?

தன் முகத்தை எனக்குக் காட்டக்கூடாது என்று அப்பா சொல்லி வைத்திருந்தாரா? அதனால் யாராவது நிறுத்தினார்களா? அவர் வாக்கு அதுதான் என்றால் சொல்லிவிடுங்கள். பிறக்கப்போகிற பிள்ளையை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டு வர மாட்டேன். அவரே வேண்டாம் என்ற இடத்தில் எனக்கு என்ன இருக்கிறது?

உங்கள் மகள்,
ஐரின்

---

சேசு மரி சூசை

நாகல் நகர்
21.7.2025

ஐரினுக்கு அம்மா எழுதுவது.

முன்னே என்னை நீ என்பாய். இப்போது நீங்கள் என்று எழுதுகிறாய். அதையும் குறித்துக்கொண்டேன்.

கடலுக்கு அடியில் அறுந்தது என்றாய். அறவில்லை. கம்பி இழுக்கிற பேச்சிமுத்துவை வரவழைத்தேன். ஷைனி வகுப்புக்காக கொரோனா நேரத்தில் இன்டர்நெட் வருகிற இந்தக் கண்ணாடி நூலை இழுத்து மாட்டியவர் அவர்தான். ஏணி போட்டு ஏறி, தெருக்கோடிக் கம்பத்திலிருந்து நம் சுவர் வரைக்கும் பார்த்தார். அப்புறம் போனில் அவர்கள் ஆபீசைக் கேட்டார். அன்றைக்கு மூன்று நாற்பத்திரண்டுக்கு நம் வீட்டுப் பெட்டி அணைந்தது என்று அங்கே எழுதியிருக்கிறதாம். "லைன் போகல ஆத்தா. சுவிச்ச ஆரோ அமத்திருக்காக," என்றார்.

கேட்டாயா. நம் வீட்டு விளக்கு அணைந்த நேரம் எங்கேயோ ஒருவன் புத்தகத்தில் இருக்கிறது. நாம் எப்போது தூங்குகிறோம், எப்போது எழுகிறோம் என்பதும் இருக்குமா என்று கேட்டேன். சிரித்தார். சிரித்ததே பதில்.

முன்பு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசினோம். பூத்துக்காரி கேட்பாள், ஆனால் அவள் முகம் தெரியும். பிறகு வீட்டுக்கே போன் வந்தது. அந்த ஒயரிலேயே கிளெமென்ட் கம்ப்யூட்டரை மாட்டினான். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நீ பேகம்பூர் சாயபு வீட்டுப் பையனுக்கு எழுதினாய். விஷயம் தெரிந்த அன்று உன் அப்பா கருக்கருவாளை எடுத்து ஒயரை அறுத்தார். அந்தக் கட்டை ஒயர் இன்னும் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் பெயின்ட் அடிக்க விடவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்தோணிராஜ் வந்தான். இலையில் உட்கார்ந்தவனை எழுந்திருக்க விடாமல் கேட்டேன். சோற்றில் கை வைத்தபடியே சொன்னான்: "மதினி, நான் புடுங்கணும்னா சுவிச்சயா புடுங்குவேன்? கேமராவத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருப்பேன்ல."

அவன் குணத்துக்கு அது சரிதான். ஆனாலும் நம்பவில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டாம் தடவை வைக்கவில்லை.

சத்யபிரியாவைக் கேட்டேன். அவள் செம்பட்டியிலிருந்து வந்த நாளிலிருந்தே என்னிடம் நேராகப் பதில் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்: "என்ன ஏன் அத்த பாக்குறீங்க, எங் கை ரெண்டும் மாமா கால்ல இருந்துச்சு." கிளெமென்ட் எழுந்து போய்விட்டான். எழுந்து போனதையும் குறித்திருக்கிறேன்.

இனி ஒளிய இடமில்லை. லைவ் நின்றாலும் கேமரா நிற்கவில்லையாம். அந்தப் பத்து நிமிடமும் அதற்குள் பதிவாகியிருக்கிறது என்று ராயப்பராஜ் சொல்கிறார். பென் டிரைவில் போட்டுத் தருவார். போர்டுக்குப் போன கை யார் கை என்று தெரிந்துவிடும்.

அப்பா விஷயம் கேட்டிருந்தாய். கடைசியில் அவருக்குப் பேச்சு கம்மி. மூக்கில் குழாய். உடம்பைப் பார்த்துக்கொள். பேறுகாலத்துக்குப் பனைவெல்லம் அனுப்ப முடியுமா என்று தபாலாபீசில் கேட்டேன், எறும்பு வரும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

---

தோஹா
10.8.2025

அம்மா,

பெண் குழந்தை. ஜூலை இருபத்தெட்டாம் தேதி. மூன்று கிலோ. அப்பா நெற்றி.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சித்தப்பா கை, அண்ணி கை, அண்ணன் எழுந்து போனது என்று எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட ஒரே கேள்விக்கு, பேச்சு கம்மி, மூக்கில் குழாய் என்று எழுதிவிட்டுப் பனைவெல்லத்துக்குப் போய்விட்டாய்.

1994-ல் மாட்டிய பல்பு உனக்கு நினைவிருக்கிறது. செத்துப்போகும் முன் புருஷன் என்ன சொன்னார் என்று நினைவில்லையா? என் கலியாணத்தில் யார் எந்தப் பக்கம் துப்பினார்கள் என்று சொல்கிற உனக்கா?

எல்லார் கையையும் தேடுகிறாய். அன்றைக்கு உன் கை எங்கே இருந்தது என்று நீ எழுதவில்லை.

குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. நாற்பதாம் நாளுக்குள் வைக்க வேண்டும். ஊருக்குக் கொண்டு வருவதா, அந்த ஊர் என்று ஒன்று இருந்ததையே சொல்லாமல் வளர்ப்பதா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும். அப்பா சொன்னது எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். மறைக்காதே.

ஐரின்

---

சேசு மரி சூசை

நாகல் நகர்
28.8.2025

ஐரினுக்கு,

பார்த்துவிட்டேன். ஷைனி டீவியில் பென் டிரைவைச் சொருகினாள். நானும் அவளும் மட்டும்தான் பார்த்தோம்.

கண்ணாடி மூடியைத் தூக்குகிறார்கள். உபதேசியார் ஜெபம் எடுக்கிறார். சத்யபிரியா கை இரண்டும் மாமனார் காலில். கிளெமென்ட் முகத்தைத் துண்டால் பொத்தியிருக்கிறான். அந்தோணிராஜ் அழுகிறான். அவன் அழுவான் என்று எனக்குத் தெரியாது. காற்றாடிக் காற்றில் தலைமாட்டு மெழுகுவர்த்தி படுத்துப் படுத்து எழுந்திருக்கிறது. பெட்டி மூடும் முன் அந்தத் திரி அணையக்கூடாது, அணைந்தால் ஆத்துமாவுக்கு வழி தெரியாது என்று என் ஆத்தா சொல்வாள். அப்போது ஒரு கிழவி குறுக்கே போகிறாள். போர்டில் எந்த சுவிட்சு காற்றாடிக்கு என்றுகூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை வைத்து வரிசை மொத்தத்தையும் ஒரே இழுப்பில் அமத்துகிறாள். காற்றாடி நிற்கிறது. இருதய ஆண்டவர் பல்பு அணைகிறது. அதற்குக் கீழே பெட்டியின் பச்சை விளக்குகள் அணைகின்றன. மெழுகுவர்த்தி நேராக நிற்கிறது.

"அப்பத்தா, அது நீங்க," என்றாள் ஷைனி. மெல்லத்தான் சொன்னாள்.

எனக்கு நினைவே இல்லை. எழுபது வருடத்தில் ஒன்றையும் மறக்காதவள், அதை மறந்திருக்கிறேன். அந்தத் திரி அணையாமல் காத்தேன் என்பதுதான் நினைவில் நின்றது. அதற்காக ஒருத்தரைப் பாக்கி விடாமல் திருடனாக்கினேன்.

அது தெரியாமல் செய்தது. அதை நீ மன்னித்துவிடுவாய். இனி எழுதப் போவது தெரிந்து செய்தது.

நீ கேட்டதற்குப் பதில். உன் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில், போவதற்கு மூன்று நாள் முன்பு. மத்தியானம். கிளெமென்ட் சாப்பிடப் போயிருந்தான், போனை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். நானும் அவரும்தான். விரலால் போனைக் காட்டி, "ஐரினு மொகத்தக் காட்டு," என்றார். சரியாகக் கேட்கவில்லை என்று நடித்தேன். திரும்பவும் சொன்னார். "செத்த நேரம் போதும்."

வாசலில் நர்சுப் பெண் நின்றாள். அவளைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு ஒரு கால் போட்டுக் கொடும்மா என்று சொன்னால் முடிந்தது. நான் சொன்னேன், "தூங்குங்க, நாளைக்குப் பாப்பம்."

ஏன் என்று கேட்பாய். நீ வீட்டை விட்டுப் போன அன்று கிளெமென்ட்டுக்குச் செய்தி அனுப்பினாய். சத்யபிரியாவுக்குக்கூட அனுப்பினாய். எல்லார் போனும் டிங் டிங் என்று அடித்தது. எனக்குப் போனில் ஓடுகிற எழுத்தைப் படிக்க வராது, காகிதம் என்றால் வரும். அது உனக்குத் தெரியும். ஒரு துண்டுச் சீட்டு எனக்கு எழுதி அஞ்சறைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடுகு, சீரகம் எல்லாம் கொட்டிப் பார்த்தேன். பதினொரு வருடம் அதையே வைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லாமல் போனவளை இவர் மட்டும் ஒரு பொத்தானை அமத்திப் பார்ப்பாரா என்று இருந்தது. அடுத்த நாள் அவருக்கு நினைவு இல்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

அதனால்தான் லைவ் போடச் சொன்னேன். உயிரோடு காட்டாத முகத்தைப் பிணமாகவாவது காட்டி நேர்செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கும் என் கையே குறுக்கே போனது.

இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அவர் ஜெபப் புத்தகத்தில் இருந்தது. நீ சொன்ன மார்க் காகிதம்தான். மை மங்கிவிட்டது, ஐரின் என்பது மட்டும் தெரிகிறது. கருக்கருவாளால் ஒயரை அறுத்தவர் இதைக் கிழிக்கவில்லை. பார்த்துக்கொள்.

பிள்ளையைக் கொண்டு வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. இது உன் அப்பா வீடு, அவர் உன்னைக் கேட்டுத்தான் போனார். என் முகத்தில் முழிக்க உனக்கு மனமில்லை என்றால், நீ இருக்கிற நாள் வரைக்கும் நான் வடமதுரையில் அந்தோணிராஜ் வீட்டில் இருந்துகொள்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டேன். "வாங்க மதினி, ஆனா எனக்கு ரெண்டு தடவ வெஞ்சனம் வைக்கணும்," என்றான்.

அன்றைக்கு முன்னறையில் இருந்தவர்களில் கிளெமென்ட் மேலிருந்த சந்தேகத்தை விட்டுவிட்டேன். சத்யபிரியாவிடம் தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னேன், அவள் காபி போட்டுக் கொடுத்தாள். ஷைனி மேல் எனக்கு ஒன்றும் கிடையாது. உபதேசியாரும் ராயப்பராஜும் வேலைக்கு வந்தவர்கள். அந்தோணிராஜை இந்த விஷயத்தில் மன்னித்தாயிற்று; உன் கலியாணத்தில் துப்பியது வேறு கணக்கு, அதை நீயும் அவனும் பேசிக்கொள்ளுங்கள். துண்டுச் சீட்டு எழுதாமல் போன உன்னையும் இன்றோடு மன்னித்தேன்.

ஆக ஆறு பேர் போக, அன்றைக்குத் தலைமாட்டில் நின்ற ஒருத்தி மிச்சம். அவளை நீ மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன்.

இன்னாசியம்மாள்