மேசை தட்டும் பாட்டு

மார்ச் 3, செவ்வாய்

வரலாற்று நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். அங்கே யாரும் தேட மாட்டார்கள். போர்வைக்குள் டார்ச்.

கீழே, அம்மாவும் அப்பாவும் வேலை பார்க்கும் பாரைச் சாத்தியாகிவிட்டது. அம்மா பாடி முடித்து மேலே வந்து வாய் கொப்பளித்தாள். பின்னாலேயே பல் தேய்க்கப் போனேன். வாஷ்பேசினில் சிவப்பாக ஒரு கோடு. “ஈறுல இருந்துடி” என்றாள். நான் நகரவில்லை. கதவைச் சாத்தினாள். “ரெண்டு மாசமா தொண்டை சரியில்ல. அப்பாகிட்ட மூச்சு விடாத. என் மேல சத்தியம் பண்ணு.”

பண்ணிவிட்டேன். எழுதினால் சொன்னதாகுமா?

மார்ச் 6, வெள்ளி

எங்கள் அறைக்கு நேர் கீழே மேடை. அம்மா பாடுவது தரை வழியாகக் காலுக்கு வரும். அப்பா சமைக்கும் இடம் பின்கட்டில். புகையை இழுக்கும் விசிறி போடும் இரைச்சலில் அங்கே பாட்டு கேட்காது. இரண்டு சத்தம்தான் கேட்கும். அம்மா மேடை ஏறும்போது கைதட்டல். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் மேசையைத் தட்டுவது. கைதட்டினால் அப்பா கோழியை ஓவனில் வைப்பார், மேசை தட்டினால் எடுப்பார். எட்டுப் பாட்டு, நாற்பது நிமிடம், பதினோரு வருடமாக. சமையலறையில் கடிகாரம் மாட்டுங்கள் என்று முதலாளியம்மா சொன்னதற்கு, “நான்தான் ஒரு கடிகாரத்தையே கட்டிக்கிட்டேனே” என்றாராம் அப்பா.

இன்று அம்மா மூன்று பாட்டில், குரல் மேலே போகும் சரணங்களை விட்டுவிட்டாள். முப்பத்திரண்டாவது நிமிடம் மேசை தட்டிவிட்டார்கள்.

மார்ச் 7, சனி

கோழி மேசையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. எலும்போரம் ரத்தமாம்.

மார்ச் 11, புதன்

அப்பா பாத்திரம் கழுவும் அக்காவிடம் எரிந்து விழுந்தார். ஓவன் கதவைத் திறந்து திறந்து வைக்கிறாளாம். பாவம், அவள் அந்தப் பக்கமே போவதில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “ஓவன் கல்லு மாதிரி இருக்கு சார். கோளாறு வேற எங்கயோ” என்று சிரித்துவிட்டுப் போனார்.

சாப்பிடும்போது அப்பா உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாப்பா, அப்பாவுக்குக் கை போயிடுச்சா?”

“இல்லப்பா.”

அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மாவிடம் சொன்னால் அந்தச் சரணங்களை வம்படியாகப் பாடுவாள். இன்னும் ரத்தம் வரும். அப்பாவிடம் சொன்னால் சத்தியம் போச்சு. அம்மாவுக்கு ஏதாவது ஆகிட்டா அது என்னாலதானே?

மார்ச் 14, சனி

கீபோர்டு மாமாவிடம் போய், நடுவில் கொஞ்சம் இழுத்து வாசிக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவே இல்லை. “உங்கம்மாவுக்காக சுருதியை ரெண்டு கட்டை இறக்கித்தான் வாசிக்கிறேன். தெரியாதுன்னு நெனச்சியா? இழுத்துப் பாக்கிறேன்.”

இழுத்தார். ஒரு மேசையிலிருந்து, “யோவ், லிஃப்ட்ல போடுற மியூசிக் மாதிரி இருக்குய்யா! அவங்களைப் பாட விடு!” ஒரே சிரிப்பு. அம்மா உடனே பாட ஆரம்பித்துவிட்டாள்.

முப்பத்தைந்து நிமிடம். போதாது.

மார்ச் 18, புதன்

படியில் நின்று கேட்டேன். முதலாளியம்மா: “பழகின முகத்துக்காகப் பொறுத்துக்கிட்டேன். சனிக்கிழமையும் தட்டு திரும்பி வந்துச்சுன்னா வேற ஆளைப் பாத்துப்பேன்.”

அப்பா: “சரிங்க.” ஓவன் சரியில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அம்மாவைக் கெஞ்சினேன், அப்பாகிட்ட சொல்லிடும்மா என்று. “சொன்னா அடுத்த நிமிஷம் மேடையிலேர்ந்து இறக்கிடுவார். இந்த சனிக்கிழமை மட்டும் போகட்டும்டி.” போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

மார்ச் 21, சனி



நாலாவது பாட்டு. பாதியில் தரை சும்மா ஆகிவிட்டது. ஓடிப்போய்ப் படியில் உட்கார்ந்து கம்பி வழியாகப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தபடி நிற்கிறாள். சத்தம் இல்லை. கீழே இருந்தவர்கள் விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். “தட்டுனாத்தான் பாடுவாங்களாம்டா!” என்று ஒருத்தர் கத்தினார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

தட்டாதீங்க, ஐயோ தட்டாதீங்க — எனக்கும் சத்தம் வரல.

கடைசி வாய்ப்பு என்பதால் இன்று அப்பா தானே தட்டுகளை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். கோழி வெள்ளைவெளேரென்று இருந்தது. தட்டைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் படியில் இருந்த என்னைப் பார்த்தார். தட்டுகளை யாருடைய மேசையிலோ வைத்துவிட்டு மேடைக்கு ஓடினார்.

மார்ச் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரி. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துத் துளி சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வர இரண்டு வாரமாம்.

வராந்தாவில் அப்பா, “உனக்குத் தெரியுமா?”

தலையாட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், நிமிடக் கணக்கு உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“பதினோரு வருஷமா மேசை தட்டுறதைத்தான் கேட்டிருக்கேன் பாப்பா” என்றார்.

ஏப்ரல் 4, சனி

திங்கட்கிழமை முடிவு வரும்.

முதலாளியம்மா வேறு ஆளை வைக்கவில்லை. “முதல்ல ஒரு மணி வாங்கி வைங்க” என்றாராம். நாற்பது நிமிடத்துக்கு முறுக்கி வைத்தால் நேரம் முடிந்ததும் அடிக்கும் மணி ஒன்றை அப்பா வாங்கினார். மாடி வரை கேட்கிறது.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. எழுதிக் காட்டத் தாள் கேட்டாள். இந்த நோட்டிலிருந்துதான் கிழித்துக் கொடுத்தேன். எதிலிருந்து கிழித்தேன் என்று பார்த்தாள்.

கீழே கைதட்டினார்கள். கீபோர்டு மாமா மட்டும் வாசிக்கிறார். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். தெருவிளக்கு முகத்தில் விழுந்தது. உதடு அசைந்தது, சத்தமே இல்லாமல்.

விரலில் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு சரணத்தையும் விடவில்லை. மேலே போகும் இடங்களில் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. எட்டாவது பாட்டு முடிந்து உதடு மூடியது.

கீழே மணி அடித்தது.