மறுபடியும் கழுவிய கிண்ணங்கள்

சனிக்கிழமை, பௌர்ணமி.

நாளை திருவிருந்து. சர்ச்சில் திராட்சரசம் கொடுக்கும் கிண்ணங்களைக் கழுவுவது இந்த மாதம் என் முறை. நாத்தனார் எஸ்தரும் உதவிக்கு வந்தாள். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்திருந்தாள். அவள் மகள் இந்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதிலிருந்து நான் அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

அவள் கழுவி வைத்த கிண்ணங்களை எடுத்து நான் மறுபடியும் கழுவினேன். பார்த்துவிட்டாள்.

“நான் கழுவினது அழுக்காவா இருந்துச்சு, அண்ணி?”

“சோப்பு போகல” என்றேன். பொய்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுத்தம் செய்கிறவர்களை இயேசு கடிந்துகொண்டதை சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பதே நான்தான். நாளை அவள் என் பக்கத்தில்தான் முழங்காலிடுவாள். நான் எப்படி வாங்கிக் குடிப்பேன்?

இரவு அவளிடம் பேசலாம் என்று போனை எடுத்தேன். தூங்கியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன். தூங்கியிருக்க மாட்டாள்.