அப்பா படத்துக்கு விழுந்த மாலை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14-6-1936

சென்னைப் பட்டணத்தில் சித்திரம் பயிலும் அருமை மகன் இராமலிங்கத்துக்கு, அம்மா தனலெட்சுமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், உன் சுகத்தை மறுகப்பலில் அனுப்பி வை. சொல்வது அம்மா, எழுதுவது உன் தம்பி வாசு. ஆகவே இதிலுள்ள பாசம் அம்மாவுடையது, சாமர்த்தியம் என்னுடையது, எழுத்துப்பிழை பேனாவுடையது.

முதற்கண் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு வெள்ளைச் சேவல் சென்ற ஞாயிறோடு பொதுச்சேவையிலிருந்து ஓய்வு பெற்றது. குழம்பு நன்றாகவே இருந்தது. அப்பா செத்துப் பிழைத்ததற்காக அம்மா அடித்த சேவல் அது. பதறாதே அண்ணே, அப்பா கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறார், முழுக்கப் படி.

நம் தெரு வாசகசாலைக் கண்காட்சிகளை நீ மறந்திருக்க மாட்டாய். முதல் வருஷம் ஏட்டுச்சுவடி வைத்தார்கள், கறையான் வந்த அளவுக்கு மனிதர் வரவில்லை. மறுவருஷம் பழைய பத்திரிகைகள், வந்தவர்கள் அந்தக் காலத்து ரப்பர் விலையைப் படித்துப் பெருமூச்சு விட்டுப் போனார்கள். வாசகசாலையின் மியூசியம் என்பது இன்னும் அதே கண்ணாடி அலமாரிதான், உள்ளே அதே பிடியில்லாத மலாய்க் கிரிஸ் கத்தி. இந்த வருஷம் புத்தகத்தோடு சித்திரமும் உண்டு என்று காரியதரிசி பழனியப்பன் ஐயா சொன்னதும், நீ அனுப்பிய அப்பா படத்தை வைத்தே தீரணும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். நீ ரயில்வே குமாஸ்தா வேலையை உதறிவிட்டுக் கப்பலேறிய நாள் முதல் அப்பா உன் பெயரை எடுப்பதில்லை, படத்தைப் பிரிக்காமலே பரண்மேல் போட்டவர். கண்டால் கிழித்துவிடுவார் என்று அம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். அதனால் அவர் இஞ்சின் ஓட்டிக்கொண்டு ஈப்போ போன சமயம் பார்த்து, படத்தை இறக்கி, சீனத் தச்சரிடம் சட்டம் போட்டு, ஆணியடித்து மாட்டியது எல்லாம் நான். கண்காட்சியே என் தோளில்தான் நின்றது என்றால் அது அடக்கமாகச் சொல்வது.

ஞாயிறு காலை யாரோ ஒரு மகானுபாவன் அந்தப் படத்துக்குச் செவ்வந்தி மாலை சூட்டி, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டான். மாலை போட்ட படம் என்றால் நம்மவர்கள் என்ன நினைப்பார்கள்? கிள்ளானிலிருந்து ரயிலில் வந்த தங்கமணி மாமா, அட வேலாயுதம், ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியேடா என்று வாசற்படியிலேயே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஈப்போ இஞ்சின் கவுந்துருச்சாம் என்று இன்னொருவர் கிளப்பினார். அம்மா வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்ததால் தப்பித்தாள். இல்லைங்க, அப்பா சாகலைங்க என்று நான் கத்தியதை, பிள்ளை துக்கத்தில் பிதற்றுகிறான் என்று கட்டிப்பிடித்து அழுதார்கள். பழனியப்பன் ஐயா திறப்புரையை இரங்கலுரையாக்கி, எல்லோரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து அப்பா, வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு அந்த வழியே வந்தார். கூட்டத்தைக் கண்டு உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, தாமும் தலைகுனிந்து நின்றார். யாருண்ணே போயிட்டாங்க என்று பக்கத்தில் நின்றவரை மெல்லக் கேட்டார். அவர் திரும்பாமலே, நம்ம டிரைவர் வேலாயுதம்தான், நல்ல மனுஷன், மகன் மேல கோவம் ஆறாமலே போயிட்டாரு என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவரைப் பார்த்துத் தங்கமணி மாமா போட்ட அலறல் கிள்ளானுக்கே கேட்டிருக்கும். அப்பா அதைக் காதில் வாங்காமல் நேரே படத்திடம் போய் மாலையைக் கழற்றினார். அவரோ சிக்னல் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன இடது கண்ணை நீ வரைந்திருக்கிறாயே, அதையே வெகுநேரம் பார்த்தார். இந்தப் பய என்னை இவ்வளவு கவனிச்சானா என்றார்.

படம் அங்கேயேதான் இருக்கிறது. அப்பா இப்போது வேலை விட்டதும் பேப்பர் படிக்க வாசகசாலைக்குப் போகிறார், பேப்பர் எங்கே கிடந்தாலும் அவர் உட்காருவது படத்துக்கு எதிர் நாற்காலியில். உன் பெயரை இன்னும் சொல்லவில்லை. ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது அம்மாவிடம், சட்டையில மேல் பித்தானை நான் என்னிக்குப் போட்டேன், அவன் போட்டு வரைஞ்சிருக்கான், லீவுல வரும்போது வந்து திருத்தச் சொல்லு என்றார். வரும்போது என்றார், வரும்போது என்றார் என்று அம்மா திரும்பத் திரும்ப எழுதச் சொல்கிறாள், இடம் போதாது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கணுமாம். தூரிகையை வாயில் வைத்து ஈரப்படுத்தக் கூடாதாம். முருகன் துணையால் உன் கையும் கண்ணும் நோகாமல் நீ நீடூழி இருக்கணும். பித்தானை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
தனலெட்சுமி × (இந்தப் பெருக்கல் குறி அவள் போட்டது)

பி.கு: அம்மா சோறு வடிக்கப் போயிருக்கிறாள், சட்டென்று சொல்லிவிடுகிறேன். அந்த மகானுபாவன் நான்தான் அண்ணே. மற்றவர் படமெல்லாம் பெரிசு பெரிசாக இருந்தது, உன்னுடையதற்கு மூலைதான் கிடைத்தது. மாலை போட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்களே என்று போட்டேன். என் கட்டைவிரலில் இருந்த குங்குமத்தை அப்பா பார்த்துவிட்டார். கண்காட்சியைத் தாங்கிய தோள் என்று மேலே எழுதினேனே, அந்தத் தோளிலேயே அந்த மாலையைப் போட்டு, கடைத்தெரு வழியாக வீடு வரைக்கும் என்னை நடத்திக் கூட்டி வந்தார்.