டெண்டர் போர்ட்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து ரவி அனுப்பிய கவர் வந்தது. எங்களுக்கு அவன் எடுத்திருக்கும் கப்பல் டிக்கெட், கூடவே வழவழப்பான ஒரு புத்தகம். கல்யாணமாகி முப்பது வருஷமானதற்குப் பிள்ளையின் பரிசு. கப்பல் நிற்கும் ஊரில் இறங்கி எதைப் பார்ப்பது என்பதை மட்டும் நாங்களே தேர்ந்தெடுத்துச் சனிக்கிழமைக்குள் ஃபேக்ஸ் செய்ய வேண்டுமாம். அதற்குப் பெயர் ஷோர் எக்ஸ்கர்ஷன். எக்ஸ்கர்ஷன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் புளிசாதம், ஸ்கூல் பஸ், ஜன்னல் வழியாக வாந்தி.

பினாங்கு: பாம்புக் கோயில், பட்டாம்பூச்சிப் பண்ணை, மலை ரயில்.
புக்கெட்: முந்திரி ஃபேக்டரி, புத்தர் கோயில், வெள்ளை மணல் கடற்கரை.

வசந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் பார்த்தாள். கடற்கரைப் படத்தில் விரலை வைத்தாள். "எனக்கு இது."

புடவைக் கடையில்கூட "எது வேணாலும்" என்பவள். ஹோட்டலில் "உங்களுக்கு என்னவோ அதே." முப்பது வருஷத்தில் முதல் தடவை எனக்கு இது என்கிறாள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"சின்ன படகுல எல்லாம் ஏத்த மாட்டாங்களே?"

"தியேட்டர் சைஸுக்கு கப்பல். படகுக்கு அங்க என்ன வேலை?" என்றேன். பெரிய மாலுமி மாதிரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செம்பாக்கத்தில் காலையிலேயே கரண்ட் கட். வாசலில் உட்கார்ந்து பொடி எழுத்தெல்லாம் படித்தேன். புக்கெட்டுக்கு நேராக "டெண்டர் போர்ட்". கீழே, "டெண்டர் டிக்கெட் கப்பலில் வழங்கப்படும்."

டெண்டரா! ரிட்டயர் ஆகும்வரை டெண்டர் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன் நான். மார்ச் மாதம் வந்தால் வீட்டையே மறந்தவன். சுற்றுலாவுக்குக்கூட டெண்டர் விடுகிறார்கள், முறையாக நடத்தும் கம்பெனிதான். உடனே கடிதம் தயார். சீல் வைத்த உறையா, திறந்த உறையா? திறக்கும் நாள் எது? முன்வைப்புத் தொகை உண்டா? ரிட்டயர்மென்டுக்குப் பிறகு இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்ததில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஃபேக்ஸ் கடை. ரவி நம்பருக்கு அனுப்பியாச்சு. கடைக்காரப் பெண் படித்துவிட்டு, "கப்பல்ல கான்ட்ராக்ட் எடுக்கறீங்களா சார்?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

வாங்க: டார்ச் பேட்டரி, தைலம், வ.வுக்குக் கான்வாஸ் ஷூ (போட மாட்டாள்).

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் நல்ல மழை. காய் வாங்கப் போனவன் நனைந்து வந்தேன். நான் இல்லாதபோது ரவி போன்.

"என்ன சொன்னான்?"

"சிரிச்சான்."

"வேற?"

"நாளைக்கு உங்ககிட்ட பேசறானாம். கேஸ் தீரப்போகுது, புக் பண்ணுங்க."

ஃபேக்ஸில் சிரிக்க என்ன இருக்கிறது? வ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. எதிர்வீட்டு ஜெயா டீச்சரோடு கேட் பக்கம் குசுகுசு. என்னைக் கண்டதும் பேச்சு முருங்கைக்காய் விலைக்குப் போனது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். மழைக்கு அடையாளமே இல்லை. சாப்பிட்டதும் வ. ஜெயா டீச்சரோடு கிளம்பிவிட்டாள். மேடவாக்கத்தில் டெய்லராம்.

ரவி போன். மூச்சுவிட முடியாமல் சிரிப்பு. "அப்பா, டெண்டர்னா படகுப்பா! கப்பல் நடுக்கடல்ல நின்னுடும். குட்டிப் படகு வந்து எல்லாரையும் கரைக்குக் கொண்டுபோகும். அதுக்குப் பேருதான் டெண்டர்."

என் மானம் போனது கிடக்கட்டும். குட்டிப் படகு. அதில் வ. ஏறுவதா?

ரவி ஸ்கூலில் படித்தபோது முட்டுக்காடு படகுத்துறைக்குப் போனோம். வ. படகில் ஒரு கால் வைத்தாள், அது ஆடியது, அவ்வளவுதான். கரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ரவியும் ஒரு சுற்று சுற்றி வரும்வரை எங்கள் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு படகு என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

ஆறு மணிக்கு மேல்தான் திரும்பினாள். புடவைக் கரை ஈரம். கேட்டால் "டெய்லர் கடை வாசல்ல தண்ணி." மழையே இல்லையே. தையல் துணியையும் காணோம். அதைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "புக்கெட்ல ஒண்ணும் பிரமாதமா இல்ல போலிருக்கே. கப்பல்லயே இருந்துடலாமா? முந்திரியை இங்கயே வாங்கிக்கலாம்."

"முந்திரி உங்களுக்கு. மணல் எனக்கு." மோர் ஊற்றினாள். பேச்சு முடிந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வ. இன்றும் ஜெயா டீச்சரோடு டெய்லர் கடைக்கு. எனக்கு உட்கார முடியவில்லை. பேப்பரை இரண்டு தடவை படித்தும் ஒன்றும் ஏறவில்லை. ஏரிக்கரை வரை நடந்து திரும்பினேன். மறுபடி நடந்தேன். பக்கத்துத் தெருக்காரர், "வாக்கிங்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

சொன்னால்: சண்டை போட மாட்டாள், அழ மாட்டாள். "எது வேணாலும்" என்பாள். மறுபடி அதைக் கேட்க என்னால் ஆகாது.

சொல்லாவிட்டால்: நடுக்கடல், இரும்புப் படி, கீழே ஆடும் படகு, பின்னால் ஜனங்கள் வரிசையில். திரும்பி என்னைப் பார்ப்பாள். அந்த முகத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

கடற்கரைக்கு நேராக டிக் போட்டேன். அழித்தேன். போட்டேன். காகிதம் அங்கே மட்டும் தேய்ந்துவிட்டது.

முடிவு: நாளை முட்டுக்காடு போய், ஏறும் இடம் எவ்வளவு உயரம், எவ்வளவு ஆட்டம், நானே ஏறிப் பார்ப்பது. அவளால் முடியும் என்று தோன்றினால் சொல்லிவிடுவது. இல்லாவிட்டால் புக்கெட்டில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவது. பிறகு நேரே ஃபேக்ஸ் கடை.

வ.விடம், பழைய ஆபீஸ் நண்பர் வீட்டில் கிரகப்பிரவேசம் என்றேன்.

"இருந்து சாப்ட்டு மெதுவா வாங்க." என்ன இவ்வளவு சந்தோஷம்?

ஆகஸ்ட் 9, சனி

மேகமூட்டம். சோழிங்கநல்லூரில் பஸ் மாறி, கோவளம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். முட்டுக்காட்டில் கூட்டம் இல்லை. நல்ல காற்று, தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. படித்துறை ஓரம் போய் எட்டிப் பார்த்தேன். எனக்கே தலை சுற்றியது. கப்பலிலேயே இருந்துவிடலாம் என்று திரும்பினேன்.

பக்கத்துப் படகிலிருந்து படகுக்காரர் குரல். "இன்னாமா, நேத்து நல்லாத்தானே ஏறுன? முந்தாநேத்து வந்தப்பதான் பயந்த. இன்னிக்கு இன்னா யோசனை?"

படகில் ஜெயா டீச்சர். படியில், கடுகு நிறப் புடவைமேல் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, வசந்தா.

கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். வலது கால். படகு சாய்ந்தது. "ஐயோ" என்றாள், சத்தமாகவே. இடது கால். பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"கிரகப்பிரவேசம் முடிஞ்சுதா?"

படி ஓரத்துக்கு வந்தேன். "ரவி உன்கிட்டயே சொல்லிட்டானா?"

"புதன்கிழமையே. உங்ககிட்ட சொன்னா கப்பல்லயே இருந்துடறோம்னு எழுதி அனுப்பிடுவீங்க."

"நானும் வரேன் இரு" என்று ஒரு கால் வைத்தேன். ஆடியது. எடுத்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, தன் செருப்பையும் டீச்சர் செருப்பையும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அங்க நிழல்ல உக்காருங்க. ஒரு சுத்து போயிட்டு வந்துடறோம்."