பெரிய பில்டரும் சிவப்பு விளக்கும்

டிச. 13, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை.

ரோதைமுனி சந்நிதியில் பூ கேட்டது. இருந்தவர்கள்: நான், இவர், கொழுந்தன் ராஜு, பூசாரி மாமா, பூப் பொட்டலத்தில் ஒன்றை எடுக்க, லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டுச் சின்னக்குட்டி. வேறு யாரும் இல்லை. மகள் கவிதா எட்டு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. படி பாசி பிடித்திருக்கிறது, வர வேண்டாம் என்று விட்டேன்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் அதற்குக் காவல் ரோதைமுனி. எங்கள் வாடகை வேனுக்கும் நாலு சக்கரம். அதனால் அவரிடம் கேட்காமல் எதுவும் செய்வதில்லை.

கேட்டது: வேனுக்கு பெரிய ஒயில் பில்டர் போடலாமா. வெள்ளைப் பூ என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம்.

வெள்ளை.

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பில்டர் இரண்டு ஏற்கெனவே ஹட்டனில் வாங்கி, சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். பூ கேட்டதே எனக்காகத்தான் போல.

பழையதைவிட ஒரு விரல்கடை நீளம். அழுக்கு நிறையப் பிடிக்கும், ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடலாம் என்று கடைக்காரர் சொன்னாராம். போன சீசனில் நடுவில் ஒரு நாள் வேனை சர்வீசுக்கு நிறுத்தியதில், வருசா வருசம் நம்மோடு மலை யாத்திரைக்கு வந்த நீர்கொழும்புக் கோஷ்டி வேறு வேனில் ஏறிவிட்டது. திரும்பி வரவேயில்லை. அதை இவர் இன்னும் மறக்கவில்லை.

வாங்க: சூடம், கோதுமை மா, கோலப்பொடி, கவிதாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை.

டிச. 14, சனி, போயா

பௌர்ணமி, மலை யாத்திரை சீசன் தொடக்கம். விடியுமுன் மஸ்கெலியா கராஜில் புது ஒயில், புது பில்டர். நானும் போனேன், வரும் வழியில் மாத்திரை வாங்க.

கராஜ் பாஸ், அங்கே பெரிய மெக்கானிக், சிங்களவர். நம்மோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாகவே வரும். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், அடுத்து எப்போது வருவீர்கள் என்று. இவர், மே மாசம் சீசன் முடிஞ்சு வெசாக்குக்கு அப்புறம் என்றார். பாஸ் என்னைப் பார்த்தார்.

"பில்டர் பெருசு, அது நல்லந்தான் அக்கா. ஒயிலுக்கு வயசு போறது போறதுதானே. மலையில செகண்ட் கியர்ல ஓடுற வண்டி. அஞ்சாயிரத்துல மாத்துங்க."

இவர் காது கேட்காதவர்போல் வேனில் ஏறிவிட்டார். பாஸ் தம் அம்மா வீட்டுக்குப் போகிறாராம், கராஜ் ஜனவரியில்தான் திறக்கும்.

என் கணக்குக் கொப்பியில் கி.மீ. எழுதிக்கொண்டேன். எங்கே ஐயாயிரம் வருகிறது என்று கோடும் போட்டேன். ஒரு நாளில் ஹட்டனிலிருந்து மலையடி நல்லதண்ணிக்கு இரண்டு தடவை என்றால் ஜனவரி முடியுமுன் கோட்டைத் தாண்டிவிடும். கவிதாவின் மாதமும் அப்போதுதான்.

டிச. 17, செவ்வாய்

மார்கழி இரண்டு. பஜனைக் கோஷ்டி போனபின் கோலம். குளிரில் விரல் மடங்கவில்லை, புள்ளி கோணல்.

வழக்கம்போல் இவர் சாவியைத் திருப்ப, நான் உள்ளே டாஷ்போர்டு முருகனுக்குச் சூடம் காட்டினேன். படத்துக்குப் பக்கத்தில்தான், எஞ்சினுக்குள் ஒயில் ஏறும்வரை சிவப்பாக எரிகிற ஒயில் விளக்கு. எஞ்சின் பிடித்ததும் ஓம் சரவணபவ என்று தொடங்குவேன். எத்தனையோ வருசமாக ஒரு தடவை சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு அணைந்துவிடும்.

இன்று மூன்று தடவை சொன்னேன். பிறகுதான் அணைந்தது. அதுவரைக்கும் உள்ளே தம்ளரில் கரண்டி போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம்.

இவரிடம் சொன்னேன். குளிருக்கு அப்படித்தான் என்றார். ராஜு ரொட்டியைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணி, நீங்க இப்ப எக்ஸ்பிரஸ் மாதிரி சொல்றீங்க. முந்தி கூட்ஸ் வண்டி."

சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் குளிர் போன வருசமும் இருந்தது.

சம்பலுக்கு உப்பு கூடிவிட்டது.

டிச. 20, வெள்ளி

வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னேன். அப்படியும் மூன்று. ராஜு சொன்னது சரியில்லை.

கவிதாவை கிளினிக்குக் கூட்டிப்போனது. பிரஷர் கொஞ்சம் கூடுதல். மிட்வைஃப் நோனா என்னைத் தனியாக அழைத்து, தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ காத்திருக்க வேண்டாம், இரவானாலும் உடனே கொண்டுவாருங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். தோட்டத்தின் மேல்பிரிவில் இரவில் நிற்கிற வண்டி எங்கள் வேன் ஒன்றுதான். தோட்டத்து லொறி ஸ்டோரில் நிற்கும், சாரதி கீழ்ப்பிரிவில் படுப்பார். கவிதாவிடம் பிரஷர் பற்றி மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை.

பொழுது சாய பூசாரி மாமாவிடம் போனேன். கேட்டதையே திரும்பக் கேட்கலாமா?

"கேட்டதுக்கு வாக்கு வந்துருச்சுல்ல தாயி. இன்னொரு தடவ கேட்டா சாமிய சோதிக்கிற மாதிரி. வேற கேள்வின்னா வேற வெசயம்."

நடந்து வரும்போது அதுதான் மனதில். நான் கேட்டது பில்டரை. ஒயிலைக் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு என்றும் கேட்கவில்லை. சாமி கேட்டதற்குப் பதில் சொன்னார். மீதியை நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

வீட்டில் இதைச் சொன்னது தப்பாகப் போயிற்று. இவர் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி,

"சாமி குடுத்த வாக்குலயே ஓட்ட தேடுறா பாரு."

சாப்பிடாமல் படுத்துவிட்டார். பருப்பு அப்படியே மிச்சம்.

டிச. 22, ஞாயிறு

மழை இல்லை, மூட்டம். இரண்டு நாளாக இவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. கவிதா வழியாகத்தான். "அம்மாட்ட சொல்லு, டீசல் அடிச்சாச்சுன்னு." நானும் கவிதா வழியாகவே, எழுதிக்கொண்டாச்சு. அவள் என்ன தபால் பெட்டியா, பாவம்.

விளக்கு: இன்று நான்கு.

காலையில் லயத்துப் பைப்பில் வாளி வைத்து நின்றேன். கீழே பீலி ஊற்றில், ஏறின தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு உடைந்து ஒரு மாசம். ராத்திரி பைப்பில் நிற்கிற தண்ணீரெல்லாம் கீழே இறங்கிவிடுகிறது. காலையில் திறந்தால் முதலில் காற்று, செருமல், கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர். வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வேன் ஞாபகம். அந்தச் சத்தமும் இப்படி ஒரு செருமல்தானே.

இவர் ஓட்டம் போனபின் கோழிக்கூட்டுப் பின்னாலிருந்து பழைய பில்டரை எடுத்துக் கவிழ்த்து வடியவிட்டேன். புதுசில் மீதம் இருப்பது ஒன்று, பெட்டியோடு அலமாரியில். இரண்டையும் பத்திரிகைத் தாளில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். மரை ஒன்றுபோல். வாய் ரப்பரும் ஒன்றுபோல். சுற்றியிருக்கிற சின்ன ஓட்டைகளுக்குள் ஈர்க்குக்குச்சியை விட்டேன். பழையதில் உள்ளே மெத்தென்று தடுக்கிறது, டோர்ச் அடித்தால் செம்மஞ்சள் ரப்பர். புதுசில் குச்சி தடையில்லாமல் போகிறது.

அந்த ரப்பர் என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ராத்திரியில் ஒயில் கீழே இறங்காமல் தடுப்பது அதுதானோ என்று நினைப்பது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். பெட்டியில் ஜப்பான் எழுத்து, படம் மட்டும் புரிகிறது. அதில் ரப்பர் இல்லை.

கை கறுப்பு. சவுக்காரத்துக்குப் போகவில்லை. அதே கையோடு விளக்கேற்ற மனமில்லை, கவிதா ஏற்றினாள்.

டிச. 24, செவ்வாய்

பனி. எதிர் லயம் தெரியவில்லை.

ரோதைமுனிக்கு வீட்டிலிருந்தே கும்பிட்டேன். பூ கேட்கவில்லை. ரப்பர் வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. தெரிந்த மனுசரிடம் கேட்க வேண்டியது. கராஜ் பூட்டு. என் தம்பி சேகர் கட்டாரில் கராஜ் வேலை, பத்து வருசம். அவனிடம் கேட்டால் இவருக்குப் பிடிக்காது. மச்சான் முன்னால் சின்னதாகிவிடுவேன் என்பார். அதனால்தான் இத்தனை நாள் போன் எடுக்கவில்லை.

காலையில் சூடத்தட்டோடு வேனில் ஏறினேன். இவர் சாவியைத் திருப்பினார். சிவப்பு. நான் தொடங்கினேன், மனதுக்குள். முதல் தடவை. இரண்டாம் தடவை. அப்போது தற்செயலாக இவர் முகத்தைப் பார்த்தேன். கண் விளக்கின் மேலேயே. உதடு அசைகிறது. இவர் சாதாரணமாக வேனில் மந்திரம் சொல்கிற ஆள் இல்லை.

நான் ஐந்தாவது தடவை பாதியில் இருக்கும்போது அணைந்தது. இவர் வாயும் நின்றது.

தட்டை நீட்டினேன். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவைச் சாத்துமுன், முன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில், என்னைப் பார்க்காமல்,

"ஏ புள்ள, சேகருக்கு இன்னைக்கு லீவு நாளா?"

எனக்குத் தெரியாது என்றேன். போய்விட்டார், நல்லதண்ணி ஓட்டம். வளைவுவரைக்கும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

கவிதாவுக்குக் காலையிலிருந்து லேசாகத் தலைவலி. தூக்கம் போதவில்லையாம். கண் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டேன், தெரிகிறது என்கிறாள். கலண்டர் எழுத்தைத் தூரத்திலிருந்து படிக்கச் சொல்லிப் பார்த்தேன். படித்தாள். ராஜுவிடம் சொல்லி லொறி சாரதியின் நம்பர் வாங்கி வைத்தேன், வலி கொஞ்சம் கூடினாலும் உடனே புறப்பட.

சேகருக்கு அனுப்பியது, அப்படியே இங்கே:

தம்பி சேகர், நல்லா இருக்கியா. படம் மூணு போட்டிருக்கேன். முதல் ரெண்டு பழைய பில்டர், மூணாவது புதுசு. புதுசு நீளம். உள்ளே செம்மஞ்சள் ரப்பர் இல்லை, பெரிசாக்கிப் பார். போட்ட பிறகு காலையில் ஒயில் விளக்கு அணைய நேரமாகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது, சத்தமும் உண்டு. இதோடு ஓட்டலாமா, இல்லை பழைய மாதிரியே வாங்கி மாற்றணுமா? பெரிய பில்டர் என்றால் ஒயிலை சீசன் முடியும்வரை விடலாம் என்கிறார்கள், அதுவும் சரியா? மச்சானும் நானும் சேர்ந்துதான் கேட்கிறோம். கவிதாவுக்கு எந்த நேரமும் வேன் வேண்டியிருக்கும். இன்றைக்கே பதில் போடு.