குழாய் இணைப்பில் ஒரு வளையம்

ஜூன் 11
பஸ்ராவில் இன்றும் ஐம்பது டிகிரி. தங்கை நஜ்லாவின் கணவன் ஸக்பான் டாக்சியோடு என் கார் ஏசி பட்டறைக்கு வந்தான். "மச்சான், வண்டி மறுபடியும் கேஸைக் குடிச்சிருச்சு." நாலு கோடையாக இதே பேச்சு. தீர்ந்துபோக அது என்ன பெட்ரோலா? உள்ளே ஆவியாகும்போது காரின் சூட்டை வாங்கிக்கொள்ளும். முன்பக்கம் போய் அதை வெளியே விட்டுவிட்டு மறுபடி நீர்மமாகும். அதே கேஸ்தான் ஆயுசுக்கும் சுற்றும். குறைந்தால் எங்கோ ஓட்டை. நிரப்பினேன். கசிவைக் காட்டும் சாயமும் விட்டேன்.

ஜூன் 20
ஒன்பதே நாளில் மறுபடி அனல் காற்று. நீல விளக்கு அடித்துத் தேடினேன். சாயம் எங்கும் மின்னவில்லை. ஓட்டை இல்லையென்றால் யாரோ திறந்திருக்க வேண்டும். சந்தைப் பக்கம் சில பட்டறைகளில் மலிவாக இருக்கிறதென்று சமையல் கேஸையே ஏற்றிவிடுகிறார்கள்.

"எவன்கிட்ட போய்த் திறந்துவிட்ட?"

"அப்ப நான் பொய்யனா? உன் டீயும் வேணாம், நீயும் வேணாம்."

டம்ளரைத் தொடாமலே போய்விட்டான்.

ஜூன் 23, வெள்ளி
வெள்ளிதோறும் சாப்பிட வருகிற நஜ்லா வரவில்லை. மீன் மிச்சம்.

ஜூன் 27
நஜ்லா போனில் அழுதாள். "எட்டு மாசம்ண்ணா எனக்கு. அடுப்பு மாதிரி கொதிக்கிற அந்த வண்டியில ஆஸ்பத்திரி போய்ட்டு வந்து மயங்கி விழுந்துட்டேன். இவரு உன்கிட்டயும் வர மாட்டேங்கிறாரு, வேற பட்டறைக்கும் போக மாட்டேங்கிறாரு."

வேறு பட்டறைக்குப் போகாதவனையா நான் — என்ன சொல்லித் தொலைச்சேன்?

ஜூன் 28
ஸக்பான் மதியத் தூக்கத்தில் இருக்கையில் அவன் வாசலிலேயே வண்டியைத் திறந்தேன். வெயிலில் சாயம் தெரியாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீல விளக்கோடு தலையை விட்டேன். வழக்கமாக ஒழுகும் இடங்களை அன்றே பார்த்தாயிற்று. பார்க்காதது ஒன்றுதான் — நாலு வருடம் முன் நானே மாட்டிய குழாய் இணைப்பு. பச்சையாக மின்னியது. கழற்றினால், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையம், கேஸ் பட்டுப் பட்டு இப்போது வெடித்தே போயிருந்தது. அன்று சரியான வளையம் கிடைக்கவில்லை; இரண்டு நாளுக்கென்று போட்டு மறந்துவிட்டேன். என் கைவேலை என்பதால் அங்கே விளக்கே அடிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

எழுந்து வந்தவனிடம் வளையத்தைக் காட்டினேன். "தப்பு என்னோடது."

"அப்ப நாலு வருஷமா குடிச்சது வண்டி இல்ல, நீதான்" என்றான். சிரிக்கவில்லை. வளையத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜூன் 29
வண்டியைக் கொண்டுவந்தான். சரியான வளையம் போட்டு, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நிரப்பினேன்.

ஜூன் 30, வெள்ளி
நஜ்லா வந்தாள். வழியெல்லாம் குளிர் தாங்காமல் அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாளாம். ஸக்பான் இரண்டாவது டம்ளர் டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தான். பழைய வளையம் அவன் வண்டிக் கண்ணாடியில், தஸ்பீஹ் ஜெபமாலைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஏறுகிறவர்கள் கேட்டால், "என் மச்சான் செஞ்ச சீர்" என்கிறானாம்.